கண்ணுக்கு மறைந்தது எங்கே? கைக்குழந்தையின் குறுகியகால நினைவு

ஆறு மாதம் வரை யார் தூக்கினாலும் சிரித்துக்கொண்டு போன பிள்ளை, எட்டு மாதத்தில், ஊரிலிருந்து ஆசையோடு வந்திறங்கிய அம்மம்மாவைக் கண்டதும் உதட்டைப் பிதுக்கி அழுகிறது. "ஒவ்வொரு நாளும் வீடியோவில் பார்த்துச் சிரிச்ச பிள்ளை, என்னட்டை வரமாட்டன் எண்டுது" என்று அம்மம்மாவுக்கு மனவருத்தம். பழக்காமல் விட்டுவிட்டோமோ என்று தாய்க்குக் கவலை. நம் குடும்பங்கள் பலவற்றில் நடக்கும் காட்சி இது.

இளம் பெற்றோரிடம் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. குழந்தையின் நினைவாற்றலை வளர்க்கும் என்று சொல்லி விற்கப்படும் படஅட்டைகள், வீடியோக்கள், கைப்பேசிச் செயலிகள் எல்லாம் தேவைதானா? வாங்காவிட்டால் நம் பிள்ளை பின்தங்கி விடுமா?

இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. ஆறு மாதத்திற்கும் பன்னிரண்டு மாதத்திற்கும் இடையில் குழந்தையின் மூளையில் ஒரு சிறிய நினைவு வேகமாக வளர்கிறது. அது எவ்வளவு சிறியது, எப்படி வளர்கிறது என்று தெரிந்துகொண்டால், குழந்தையின் பல செயல்களுக்கு அர்த்தம் புரியும். அதன் அளவுக்கு ஏற்ப நாமும் விளையாடலாம். இம்முறை அதைப் பற்றிப் பார்ப்போம்.

எந்த நினைவைப் பற்றிப் பேசுகிறோம்?

நினைவு என்று ஒரே சொல்லில் சொன்னாலும் மூளை அதைப் பல வகையில் கையாளுகிறது. போன வருடம் பார்த்த தேர்த்திருவிழா இன்றும் ஞாபகத்தில் இருந்தால் அது நீண்டகால நினைவு. இங்கே நாம் பேசுவது வேறு. சமைத்துக்கொண்டிருக்கும்போது சட்டியின் மூடியை மேசையில் வைத்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்புகிறீர்கள். சில வினாடி கழித்து, பார்க்காமலே கையை நீட்டி மூடியை எடுக்கிறீர்கள். அந்தச் சில வினாடிகள் மூடியின் உருவமும் அது இருந்த இடமும் மனதில் நின்றன. இதுதான் குறுகியகாலக் காட்சி நினைவும் இட நினைவும். எழுதி உடனே அழிக்கும் சிலேட்டைப் போன்றது அது.

பெரியவர்களுக்கும் இந்தச் சிலேட்டு பெரிதல்ல. ஒரே பார்வையில் பார்த்த எளிய பொருட்களில் மூன்று அல்லது நான்கைத்தான் நம்மாலும் மனதில் வைத்திருக்க முடிகிறது.

கைக்குழந்தையிடம் ஓர் ஆச்சரியம் உண்டு. அதன் நீண்டகால நினைவு நாம் நினைப்பதை விட முன்னதாகவே வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. கரோலின் ரோவி-கொலியர் என்ற அமெரிக்க உளவியலாளர், தன் கைக்குழந்தையின் காலில் ஒரு நாடாவைக் கட்டி, மறுமுனையைத் தொட்டிலுக்கு மேலே தொங்கிய விளையாட்டுப் பொருளில் கட்டினார். குழந்தை உதைத்தால் அது ஆடும். குழந்தை அதை விரைவில் கண்டுபிடித்து, மேலும் மேலும் உதைத்தது. பின்னர் இதே முறையைப் பல குழந்தைகளிடம் அவர் சோதித்தார். 3 மாதக் குழந்தை இந்தப் பாடத்தை ஏறக்குறைய ஒரு வாரமும், 6 மாதக் குழந்தை ஏறக்குறைய இரண்டு வாரமும் ஞாபகம் வைத்திருந்தது.

இரண்டு வாரம் ஞாபகம் வைத்திருக்கும் அதே 6 மாதக் குழந்தையின் கண்முன்னே ஒரு கிலுகிலுப்பையைத் துவாயால் மூடிப் பாருங்கள். பெரும்பாலான குழந்தைகள் துவாயை இழுத்துத் தேடாது. முகத்தை வேறு பக்கம் திருப்பிவிடும். திரும்பத் திரும்பப் பழகியதை நாட்கணக்கில் வைத்திருக்கும் மூளைக்கு, இப்போது கண்டதைச் சில வினாடிகள் பிடித்து வைத்து அதைக் கொண்டு ஒரு காரியம் செய்வது இன்னும் கைவரவில்லை.

பேசாத குழந்தையிடம் கேட்பது எப்படி?

குழந்தையின் மனதில் இருப்பதை ஆய்வாளர்கள் எப்படி அறிகிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். விடை எளிது: குழந்தையின் கண்ணைப் பார்த்துத்தான். அமெரிக்காவின் ராபர்ட் ஃபான்ட்ஸ் 1950களிலும் 60களிலும் இந்த வழியைத் திறந்து வைத்தார். குழந்தைக்கு ஒரே படத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினால் அலுத்துப்போய்ப் பார்ப்பதைக் குறைத்துக்கொள்ளும். புதிய படம் வந்தால் மீண்டும் உற்றுப் பார்க்கும். பழையது எது, புதியது எது என்று பிரித்தறிய, பழையது ஞாபகத்தில் இருக்கவேண்டும் அல்லவா? 1964ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட இந்த முடிவு, இன்றும் குழந்தை ஆய்வுகள் பலவற்றுக்கு அடிப்படையாக இருக்கிறது.

ஒன்றிலிருந்து மூன்று, நான்கு வரை

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் ஷானன் ராஸ்-ஷீஹி, லீசா ஓக்ஸ், ஸ்டீவன் லக் ஆகியோர் இந்த முறையைப் பயன்படுத்தி 2003ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். குழந்தைக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு திரைகள். இரண்டிலும் நிறச் சதுரங்கள் தோன்றி, ஒரு கண நேரம் மறைந்து, மீண்டும் தோன்றும். ஒரு திரையில் எல்லாம் அப்படியே இருக்கும். மற்றத் திரையில் ஒவ்வொரு தடவையும் ஒரு சதுரத்தின் நிறம் மாறியிருக்கும். மாற்றத்தைக் கவனித்த குழந்தை, மாறும் திரையையே கூடுதலாகப் பார்க்கும்.

4 மாதக் குழந்தைகளும் ஆறரை மாதக் குழந்தைகளும் திரையில் ஒரேயொரு சதுரம் இருந்தபோது மட்டும் மாற்றத்தைக் கண்டுபிடித்தார்கள். இரண்டு மூன்று என்று ஆனதும் முடியவில்லை. 10 மாதக் குழந்தைகளோ மூன்று, நான்கு சதுரங்களுக்குள்ளும் மாற்றத்தைக் கண்டுபிடித்தார்கள். அதாவது சில மாதங்களுக்குள் சிலேட்டு, பெரியவர்களின் அளவை நெருங்கிவிடுகிறது.

இதே குழுவினர் 2006ஆம் ஆண்டு இன்னொன்றையும் காட்டினார்கள். எந்த நிறம் எந்த இடத்தில் இருந்தது என்று இரண்டையும் சேர்த்து நினைவில் வைப்பது ஆறரை மாதக் குழந்தைகளுக்கு முடியவில்லை. ஏழரை மாதக் குழந்தைகளுக்கு முடிந்தது. ஒரே ஒரு மாத இடைவெளி! "என்ன பொருள்" என்பதும் "எங்கே இருந்தது" என்பதும் மூளைக்குள் ஒன்றாக முடிச்சுப் போடப்படுவது இந்தக் காலத்தில்தான்.

திரையில் கண்டது வாழ்க்கையிலும் உண்மையா? 2002ஆம் ஆண்டு லீசா ஃபைகன்சனும் அவருடைய சக ஆய்வாளர்களும் பிஸ்கட்டை வைத்துச் சோதித்தார்கள். 10, 12 மாதக் குழந்தைகள் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு பாத்திரங்களுக்குள் பிஸ்கட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டார்கள். உள்ளே இருப்பது குழந்தைக்குத் தெரியாது. ஞாபகத்தில் வைத்துத்தான் எந்தப் பாத்திரத்தை நோக்கித் தவழ்வது என்று முடிவெடுக்க வேண்டும். ஒன்றா இரண்டா என்றால் இரண்டு இருந்த பாத்திரத்துக்குப் போனார்கள். இரண்டா மூன்றா என்றால் மூன்று இருந்த பாத்திரத்துக்கு. ஆனால் இரண்டா நான்கா என்றபோது தடுமாறிவிட்டார்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தும், நான்கு என்பது அந்தச் சிறிய சிலேட்டில் கொள்ளவில்லை.

"எங்கே" என்பது ஏன் கடினம்?

சுவிட்சர்லாந்து அறிஞர் ஜீன் பியாஜே, 1920களிலும் 30களிலும் தன்னுடைய மூன்று பிள்ளைகளையும் கூர்ந்து கவனித்து எழுதியவற்றில் ஒரு வேடிக்கையான தவறு உண்டு. உங்கள் வீட்டில் 8 முதல் 10 மாதப் பிள்ளை இருந்தால் நீங்களே பார்க்கலாம். இரண்டு துணிகளை விரியுங்கள். பொம்மையை இடப்பக்கத் துணிக்குக் கீழ் ஒளியுங்கள். பிள்ளை எடுத்துவிடும். இரண்டு மூன்று தடவை அப்படியே செய்யுங்கள். பிறகு, பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வலப்பக்கத் துணிக்குக் கீழ் ஒளித்துவிட்டு, ஓரிரு வினாடி பொறுத்துத் தேட விடுங்கள். பல பிள்ளைகள் மீண்டும் இடப்பக்கமே போகும்!

கண்ணால் கண்ட பிறகும் ஏன் இந்தத் தவறு? அடெல் டயமண்ட் என்ற ஆய்வாளர் 25 குழந்தைகளை ஏழாம் மாதமளவிலிருந்து பன்னிரண்டாம் மாதம் வரை தொடர்ந்து சோதித்து, 1985ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார். பின்னாளில் இவர் வன்கூவரிலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அவர் கண்டது: ஏழரை மாதத்தில், ஒளித்த பின் இரண்டு வினாடிக்கும் குறைவாகத் தாமதித்தாலே குழந்தை தவறு செய்தது. பன்னிரண்டு மாதத்தில் பத்து வினாடிக்கு மேல் தாமதித்தால்தான் தவறு வந்தது. சராசரியாக மாதத்துக்கு இரண்டு வினாடி வளர்ச்சி.

இந்த வளர்ச்சியில் நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதிக்குப் பெரும் பங்கு உண்டு. அப்பகுதி பாதிக்கப்பட்ட குரங்குகளும் இதே தவறைச் செய்ததை டயமண்டும் பட்ரீசியா கோல்ட்மன்-ராக்கிச்சும் 1989ஆம் ஆண்டு காட்டினார்கள். அந்தப் பகுதி இரண்டு வேலைகளை ஒன்றாகச் செய்யவேண்டும். புதிய இடத்தை மனதில் பிடித்து வைக்கவேண்டும். பழகிய இடத்துக்குப் போகத் துடிக்கும் கையையும் தடுக்கவேண்டும். அதனால்தான் சில குழந்தைகள் சரியான இடத்தைப் பார்த்துக்கொண்டே பிழையான இடத்துக்குக் கை நீட்டுகின்றன.

நினைவு மட்டுமே காரணம் அல்ல என்று சொல்லும் ஆய்வுகளும் உள்ளன. இருந்து விளையாடிய குழந்தையை இடையில் எழுப்பி நிற்க வைத்தபோது தவறு குறைந்ததாக லிண்டா ஸ்மித்தும் எஸ்தர் தெலனும் 1999இல் காட்டினார்கள். பழைய பழக்கம் கையிலும் உடம்பிலும் தங்கியிருக்கிறது என்பது அவர்கள் கருத்து. ஹங்கேரிய ஆய்வாளர்கள் 2008இல், பெரியவர் குழந்தையின் கண்ணைப் பார்த்து, பேசிக்கொண்டு ஒளித்தபோது தவறு கூடியதையும், பேசாமல் ஒளித்தபோது குறைந்ததையும் கண்டார்கள். "இந்தச் சாமான் எப்போதும் இங்கேதான் இருக்கும்" என்று நாம் கற்றுக்கொடுப்பதாகக் குழந்தை எடுத்துக்கொள்கிறது என்பது அவர்கள் விளக்கம்.

எந்த விளக்கத்தை எடுத்தாலும் பெற்றோருக்குப் பாடம் ஒன்றுதான். பிழையான இடத்தில் தேடும் பிள்ளை பிடிவாதக்காரப் பிள்ளையும் அல்ல, மந்தமான பிள்ளையும் அல்ல. "வேண்டாம்" என்று சொல்லி விலக்கிய மின்கம்பியைப் பத்து வினாடியில் மறுபடி தொடப்போகும் பிள்ளையும் அப்படித்தான். ஏச்சும் அடியும் அந்த வயதில் எதையும் கற்பிக்காது. ஆபத்தான சாமானை எட்டாத இடத்தில் வைப்பதே வழி.

தவழும் பிள்ளையின் உலகம்

இட நினைவுக்கு இன்னொரு துணை, குழந்தை தானாக நகர்வது. தூக்கிக்கொண்டு போகும்போது வழியை நாம் பார்க்கிறோம், குழந்தை பார்ப்பதில்லை. தானே தவழ்ந்து கதிரைக்குப் பின்னால் போன பந்தைத் தேடும்போது, எங்கே போகிறோம் என்பதைக் கவனித்தே ஆகவேண்டும். தவழத் தொடங்கிய குழந்தைகள், அதே வயதில் இன்னும் நகரத் தொடங்காத குழந்தைகளை விட ஒளித்த பொருளைத் தேடுவதில் கெட்டிக்காரர்களாக இருப்பதை ரொசான் கெர்மோயன், ஜோசப் காம்போஸ் ஆகியோரின் 1988ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது.

ஆகவே குளிர்காலத்தில் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கும் நாட்களில் பிள்ளையைக் கார் இருக்கையிலும் ஊஞ்சல் கதிரையிலும் நீண்ட நேரம் கட்டி வைக்காதீர்கள். துப்புரவான தரையில் ஒரு பாய் போதும். சில பிள்ளைகள் தவழாமல் அரைந்து நகர்ந்து பிறகு நடக்கும். அதுவும் நகர்வுதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். குழந்தையை நடுவில் இருத்தி, சில்லுகளில் உருளும் "வோக்கர்" வேண்டாம். படிகளில் உருண்டு விழுந்து தலையில் அடிபட்ட குழந்தைகள் ஏராளம். கனடா 2004ஆம் ஆண்டு ஏப்ரலில் இதன் விற்பனையையும் இறக்குமதியையும் தடை செய்தது. பழைய சாமான் விற்பனையில் விற்பதும் குற்றம். ஊரிலிருந்து அன்பளிப்பாக வந்தாலும் பயன்படுத்தாதீர்கள்.

எட்டு மாத அழுகையின் காரணம்

இப்போது அம்மம்மாவின் மனவருத்தத்துக்கு வருவோம். ஒரு புதிய முகத்தைக் கண்டு குழந்தை தயங்க வேண்டுமானால், பழகிய முகங்களை மனதில் எடுத்து வைத்து, இந்த முகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். நான்கு மாதத்தில் அது முடியாது. எட்டு மாதத்தில் முடியத் தொடங்குகிறது. அதேபோல, அம்மா அறையை விட்டுப் போன பிறகும் "அம்மா இருந்தாள், இப்போது இல்லை" என்று மனதில் வைத்திருக்கும் பிள்ளைதான் கதவைப் பார்த்து அழும்.

ஹார்வர்ட் உளவியலாளர் ஜெரோம் கேகன் 1970களில் இதே விளக்கத்தை முன்வைத்தார். அமெரிக்கா, குவாத்தமாலா, இஸ்ரேலின் கூட்டுக்குடியிருப்புகள், ஆபிரிக்காவின் கலஹாரி என வளர்ப்பு முறை முற்றிலும் வேறான இடங்களிலும், பிரிவுக்காக அழும் வயது ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. எட்டு மாதமளவில் தொடங்கி, ஒரு வயதை ஒட்டி உச்சத்தை அடைந்து, பிறகு மெல்லக் குறைகிறது. ஆகவே இந்த அழுகை, குழந்தை அம்மம்மாவை வெறுப்பதன் அடையாளம் அல்ல. தாய் பழக்காமல் விட்டதன் அடையாளமும் அல்ல. நினைவு வளர்ந்துவிட்டது என்பதன் அடையாளம்.

ஊரிலிருந்து வரும் அம்மம்மா, அப்பம்மா, தாத்தாமாருக்குச் சில ஆலோசனைகள்:

• வந்தவுடன் பிள்ளையைப் பறித்துத் தூக்காதீர்கள். அது தாயின் மடியில் இருக்கட்டும். நீங்கள் பக்கத்தில் இருந்து தாயோடு சாதாரணமாகப் பேசுங்கள். உங்கள் குரலும் முகமும் பழகட்டும்.

• கண்ணுக்குக் கண் உற்றுப் பார்ப்பதைக் குறைத்து, கையில் ஒரு சாமானை வைத்து நீங்களே விளையாடுங்கள். பிள்ளை தானாகக் கை நீட்டி வரும்.

• இரண்டு மூன்று நாள் பொறுங்கள். "என்னட்டை வராத பிள்ளை" என்று பிள்ளையின் முன்னால் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டாம்.

கனடாவில் பல தாய்மார் ஒரு வருட விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்புவது, பிரிவு அழுகை உச்சத்தில் இருக்கும் இதே காலத்தில்தான். பிள்ளை பார்க்காத நேரம் பார்த்து நழுவிப் போவது நம்மிடையே வழக்கம். அப்போது அழுகை கேட்காது, உண்மைதான். ஆனால் அம்மா எந்த நேரமும் காணாமல் போகலாம் என்று பிள்ளை கற்றுக்கொள்ளும். பிறகு கால் கட்டிக்கொண்டு விடாது. முகத்தைக் காட்டி, "அம்மா போயிட்டு வாறன்" என்று சொல்லிச் சுருக்கமாக விடைபெறுங்கள். வேலைக்குப் போகும் முன்பே சில வாரங்கள், முதலில் பத்து நிமிடம், பிறகு அரை மணித்தியாலம் என்று பிரிந்து பழக்குங்கள். போனவர் திரும்பி வருவார் என்பதை அப்படித்தான் பிள்ளை கற்கும்.

திரையும் தொலைக்காட்சியும்

குழந்தைகளின் அறிவை வளர்ப்பதாகச் சொன்ன டிவிடிகள் ஒரு காலத்தில் நம் வீடுகளிலும் நிறைந்திருந்தன. 2010ஆம் ஆண்டு ஜூடி டிலோச்சி குழுவினர், 12 முதல் 18 மாதக் குழந்தைகளிடம் அப்படியொரு டிவிடியைச் சோதித்தார்கள். ஒரு மாதம் பார்த்த குழந்தைகள், பார்க்காத குழந்தைகளை விட அதிகமான சொற்களைக் கற்கவில்லை. அதே சொற்களை டிவிடி இல்லாமல், அன்றாட வேலைகளுக்கிடையே பெற்றோரே சொல்லிக்கொடுத்த குழந்தைகள்தான் முன்னணியில் நின்றார்கள். இன்றைய செயலிகளை வாங்கும்போதும் இதை மனதில் வையுங்கள்.

பின்னணியில் ஓடும் தொலைக்காட்சியும் கவனிக்க வேண்டியது. 2008இல் வெளியான ஓர் ஆய்வில், பெரியவர்களுக்கான நிகழ்ச்சி பின்னால் ஓடியபோது 1 முதல் 3 வயதுக் குழந்தைகள் அதைப் பெரிதாகப் பார்க்காவிட்டாலும், பொம்மையோடு தொடர்ந்து விளையாடும் நேரம் குறைந்தது. சிறிய சிலேட்டில் இருந்தது ஒவ்வொரு சத்தத்திலும் அழிந்துவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை விளையாடும் நேரத்தில் நாடகத் தொடரை நிறுத்தி வைப்பது செலவில்லாத உதவி.

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டு அறிவுறுத்தியது. கனடியக் குழந்தை மருத்துவச் சங்கமும் இரண்டு வயதுக்கு முன் திரையைத் தவிர்க்கச் சொல்கிறது. ஆனால் உறவினரோடு வீடியோவில் பேசுவதற்கு விலக்கு அளிக்கிறது. ஆகவே ஊரிலுள்ள தாத்தாவோடு பேசுவதை நிறுத்த வேண்டாம். பிள்ளையை மடியில் வைத்து, "தாத்தா சிரிக்கிறார் பார்" என்று பக்கத்தில் இருந்து பேசுங்கள். தாத்தாவும் கையால் முகத்தை மூடித் திறந்து விளையாடட்டும்.

வயதுக்கேற்ற விளையாட்டுகள்

பணம் தேவையில்லை. ஒரு துவாய், இரண்டு பிளாஸ்டிக் கோப்பைகள், ஒரு கரண்டி போதும்.

பிறந்தது முதல் 3 மாதம்: 20 முதல் 30 சென்ரிமீற்றர் தூரத்தில் உள்ளதே குழந்தைக்கு நன்றாகத் தெரியும். பாலூட்டும்போது உங்கள் முகம் இருக்கும் தூரம் அது. முகத்தை மெல்ல அசைத்துப் பேசுங்கள். கண் தொடரட்டும்.

4 முதல் 6 மாதம்: ஒரு நேரத்தில் ஒரு சாமான். பத்துப் பொம்மைகளைச் சுற்றிக் கொட்டுவதை விட, ஒன்றைக் கையில் கொடுத்து, அலுத்த பிறகு மற்றதைக் கொடுங்கள். கையால் உங்கள் முகத்தை மூடி "எங்கை அம்மா?" என்று கேட்டுத் திறங்கள். மூடிய நேரம் ஒரு வினாடி போதும்.

7 முதல் 9 மாதம்: சாமானைப் பாதி மூடுங்கள், எடுக்கட்டும். பிறகு முழுதாக மூடுங்கள். ஒளித்தவுடனே தேட விடுங்கள். கரண்டியைக் கீழே போட்டுவிட்டு எட்டிப் பார்ப்பதும் இந்த வயதின் பாடம்தான். எடுத்துக் கொடுத்துக் களைத்தாலும் கோபிக்காதீர்கள்.

10 முதல் 12 மாதம்: இரண்டு கோப்பைகளில் ஒன்றுக்குக் கீழ் ஒளித்து, இரண்டு மூன்று வினாடி பொறுத்துத் தேட விடுங்கள். சுலபமாக எடுத்தால் இன்னும் ஒன்றிரண்டு வினாடி கூட்டுங்கள். பந்தைக் கதிரைக்குப் பின்னால் உருட்டிவிட்டுத் தேடிப் போகச் சொல்லுங்கள்.

பிள்ளை முகத்தைத் திருப்பினால், கண்ணைக் கசக்கினால் விளையாட்டை நிறுத்துங்கள். வாய்க்குள் போகக்கூடிய சிறு சாமான்கள், பொத்தான் மின்கலங்கள், நீண்ட நாடாக்கள் வேண்டாம். துணியால் பிள்ளையின் முகத்தை மூடிவிட்டு அப்பால் போகவே கூடாது.

இரும்புச்சத்தை மறவாதீர்கள்

நினைவுக்கு மூளை வேண்டும், மூளைக்கு இரும்புச்சத்து வேண்டும். நிறைமாதத்தில் பிறந்த குழந்தையின் உடலில் சேர்ந்திருக்கும் இரும்பு ஏறக்குறைய ஆறு மாதம் வரைக்கும்தான் போதும். 2010இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இரும்புக் குறைவால் இரத்தசோகை உள்ள 9 மாதக் குழந்தைகள், மறைத்த பொருளைத் தேடும் சோதனையில் பின்தங்கியிருந்தார்கள்.

நம் வீடுகளில் ஆறு மாதத்தில் அரிசிக்கஞ்சியும் குழைந்த சோறும்தான் முதலில் கொடுப்போம். அவற்றில் இரும்பு மிகக் குறைவு. இரும்பு சேர்க்கப்பட்ட குழந்தைத் தானிய உணவு, நன்கு மசித்த பருப்பு, முட்டை, மீன், மென்மையாக அரைத்த இறைச்சி என்பவற்றை நாள்தோறும் சேருங்கள். சைவக் குடும்பங்களில் பருப்போடு தக்காளி, தோடம்பழம் போன்றவற்றைக் கொடுத்தால் இரும்பு நன்றாக உடலில் சேரும். பசுப்பாலை 9 மாதத்துக்கு முன் பாலாகக் குடிக்கக் கொடுக்க வேண்டாம். பிறகும் ஒரு நாளைக்கு 750 மில்லிலீற்றருக்கு மேற்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாலிலேயே வயிறு நிறைந்தால் மற்ற உணவு உள்ளே போகாது. இரும்புச் சொட்டு மருந்தை வைத்தியர் சொல்லாமல் நீங்களாகக் கொடுக்கக் கூடாது. அளவு மிஞ்சினால் ஆபத்து.

எப்போது வைத்தியரிடம் கேட்க வேண்டும்?

மேலே சொன்ன மாதக் கணக்குகள் சராசரிகள். ஒரு பிள்ளை முந்தும், இன்னொரு பிள்ளை பிந்தும். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு, பிறந்த நாளிலிருந்து எண்ணாமல், பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து மாதத்தை எண்ணுங்கள். எனினும் பின்வருவனவற்றைக் கண்டால் அடுத்த தடுப்பூசி வரை காத்திராமல் குடும்ப வைத்தியரிடமோ குழந்தை வைத்தியரிடமோ பேசுங்கள்:

• 2, 3 மாதமாகியும் முகத்தையோ நகரும் பொருளையோ கண் தொடரவில்லை, அல்லது பின்னர் கண்கள் தொடர்ந்து ஒன்றோடொன்று சேராமல் விலகி நிற்கின்றன.

• 6 மாதமாகியும் தினமும் பார்ப்பவர்களை அடையாளம் காண்பதாகத் தெரியவில்லை, சாமானுக்குக் கை நீட்டவில்லை.

• 9 மாதத்தில் கையிலிருந்து விழுந்த சாமானை எங்கே என்று பார்ப்பதில்லை.

• 12 மாதத்தில் கண்முன்னே ஒளித்த பொம்மையைத் தேடுவதில்லை.

• முன்பு செய்த ஒன்றைப் பிள்ளை இப்போது செய்வதில்லை. எந்த வயதானாலும் இதை உடனே சொல்லவேண்டும்.

இவற்றில் ஒன்று இருந்தால் நோய் என்று அர்த்தமல்ல. சில வேளை பார்வைக் குறையாகவும், சில வேளை இரத்தசோகையாகவும், பல வேளை பிள்ளையின் சொந்த வேகமாகவும் இருக்கும். எது என்று சொல்லவேண்டியவர் வைத்தியர். "எங்கட குடும்பத்தில பிள்ளையள் பிந்தித்தான்" என்று தள்ளிப்போடாதீர்கள். பார்வைக் குறையானாலும் இரத்தசோகையானாலும், நேரத்தோடு கண்டால் சிகிச்சை உண்டு. வைத்தியரோடு பேச மொழி தடையாக இருந்தால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். வீட்டில் பிள்ளை செய்ததைக் கைப்பேசியில் ஒரு நிமிடம் படம்பிடித்துக் கொண்டுபோய்க் காட்டுவதும் உதவும்.

இக்கட்டுரை பொதுவான விளக்கத்துக்கு மட்டுமே. உங்கள் பிள்ளையைப் பற்றிய முடிவுகளை உங்கள் வைத்தியரோடு பேசி எடுங்கள்.